முதுகுப்புறக் கசிவு

காலை பத்து மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த அச்சிறு நிறுவனத்தில், களவு போன பொருள் முதலாளியின் மேசைமீதே விரிந்து கிடந்தது. ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கத்திடம் போட்டி நிறுவனம் முந்திக்கொண்டு கொடுத்த வரைபடம் அது. அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி அமையவிருக்கும் காமிராக்களின் படங்களைக் கம்பியின்றி அனுப்பும் ஆண்டெனாக்களை எங்கே, எத்திசை நோக்கி நிறுத்துவது என்று அந்நிறுவனத்துப் பொறியாளர் மர்வா பல மாதங்கள் கணினியில் சிமுலேஷன் ஓட்டிக் கண்டறிந்த அதே அமைப்பு. தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதென்று அவள் சற்றே திருப்பிய ஆண்டெனாகூட அப்படியே திரும்பியிருந்தது.

“உன் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருந்திச்சு. பாஸ்வேர்டும் உனுக்குத்தான் தெரியும். அப்புறம் இன்னாம்மா?” என்றார் முதலாளி சம்பந்தம். மாலைக்குள் விளக்கம் தராவிடில் வேலை போகும். காவல் நிலையத்தில் புகாரும் பதிவாகும்.

அவர் அறியாத ஒன்று உண்டு. சென்ற மாதம் உடன் பணிபுரியும் கவிப்பிரியாவின் குழந்தைக்குக் காய்ச்சல். கோவில்பதாகையிலுள்ள வீட்டிலிருந்தே அவள் வேலை செய்யட்டுமென்று, விதியை மீறி, அந்த வரைபடக் கோப்பின் ஒரு பிரதியை மர்வாதான் தந்தாள். தோழியின் பழைய லேப்டாப் திணறியதால், அந்தப் பிரதியின் சுமையையும் குறைத்துக் கொடுத்தாள்.

மதியம் இருவரும் வழக்கம்போல் ஒரே மேசையில் டப்பாக்களைத் திறந்தனர். அந்தப் பிரதி என்னவாயிற்று என்று மர்வா தயங்கியபடியே கேட்டாள்.

“வேல முடிஞ்ச அன்னிக்கே அழிச்சிட்டேன்டி. என்னையே சந்தேகப்பட்றியா?” என்ற கவிப்பிரியா, தன் வாழைக்காய் வறுவலை அவள் பக்கம் தள்ளினாள். “தெரியாம யாருக்கோ அனுப்பிட்டேன்னு ஒத்துக்கினு போயிடு. போலீஸ் வரைக்கும் போவாது. காப்பி விஷயத்த மட்டும் வாயத் தொறக்காத.”

கேட்டதற்காக மர்வா நாணினாள்.

மூன்று மணிக்கு இரு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். கம்பங்கள் ஒன்றே, கோணங்கள் ஒன்றே. ஆனால் அவளுடையதில் ஒவ்வோர் ஆண்டெனாவின் பின்னாலும் மங்கிய மஞ்சள் திட்டு இருந்தது. மற்றதில் அவ்விடம் வெறும் வெள்ளை. பிறகு கவிப்பிரியாவையும் அழைத்துக்கொண்டு சம்பந்தத்தின் அறைக்குச் சென்றாள்.

“டார்ச் மாதிரி முன்னாடி அடிக்கிற ஆண்டெனா சார் இது. ஆனா பின்னாடியும் கொஞ்சம் கசியும். என் கம்ப்யூட்டர்ல அந்தக் கசிவு இருக்கு. இதுல இல்ல.”

“அந்தக் கம்பெனிக்காரனே எடுத்துட்டிருப்பான்.”

“எடுத்தா பக்கத்துக் காமிராவோட சிக்னல் மோதறது படத்துல தெரியாது. தொழில் தெரிஞ்சவன் எடுக்க மாட்டான். நான்தான் எடுத்தேன் சார், ஒரே ஒரு காப்பியில. கவியோட லேப்டாப் தாங்கலன்னு.” தன் விதிமீறலையும் அவள் மறைக்கவில்லை.

பிரதியைக் கொடுத்தது தான்தான் என்று கவிப்பிரியா ஒப்புக்கொண்டாள். போட்டி நிறுவனத்தார் மேலாளர் பதவி தருவதாகச் சொன்னார்களாம்.

“உனுக்கு வேற எடத்துல கெடச்சிடும்னு நெனச்சேன்டி,” என்று முணுமுணுத்தாள்.

“கசிவ எடுத்துட்டேன்னு அன்னிக்கே சொன்னேன் கவி. நீ பாப்பா நெத்தியத் தொட்டுப் பாத்துகினு இருந்த. காதுல விழல.”

விதியை மீறியதற்கு மர்வாவுக்கும் மெமோ உண்டு என்று கூறிவிட்டு, சம்பந்தம் காவல் நிலையத்துக்குப் பேசத் தொலைபேசியை எடுத்தார்.

மர்வா தன் இடத்திற்குத் திரும்பினாள். மதியம் அவசரத்தில் மூடிய சாப்பாட்டு டப்பாக்களில் மூடிகள் மாறியிருந்தன. அவள் தோழியின் டப்பாவிலிருந்து தன் மூடியைக் கழற்றிக்கொண்டு, அந்த டப்பாவைத் திறந்தபடியே விட்டுவிட்டாள்.