பதினேழு புள்ளி நான்கு

கைக்கு வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரை வெப்பமானி பதினேழு புள்ளி நான்கு டிகிரி என்றது.

நெலிடா வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி கயிற்றில் இறக்கினாள். எண்பது வருடமாக இந்தக் கடல்பாலத்திலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு வாளி இறங்குகிறது. பெருவின் வடகரையில் கடல் எந்த வருடம் சுட்டது, எந்த வருடம் குளிர்ந்தது என்பதெல்லாம் கடல் ஆய்வுநிலையத்துப் பழுப்பு நோட்டுகளில் இருக்கிறது. கடல் சுட்டால் இந்த வறண்ட கரையில் பேய்மழை கொட்டும். காற்றே இல்லை. கீழே மரத்தூண்கள் முனக, மீன்மாவு ஆலையின் வாடையோடு, வெள்ளம் வடிந்து இரண்டு மாதமாகியும் காயாத சேற்றின் வாடையும் வந்து தொண்டையில் ஒட்டியது.

மூன்று நிமிடம். பதினேழு புள்ளி நான்கு.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். பிப்ரவரியில் பழைய வெப்பமானி கைதவறி உடைந்தது. சொன்னால் தற்காலிக வேலை போய்விடும். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். புதியது வரும்வரை பதினொரு நாள் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது. தெரிந்தேதான் போன வருடத்து எண்களைப் பார்த்து எழுதினாள். கடைசி நாள் எழுதிய பொய் எண் இதுதான். 'கடல் இயல்பு' என்று ஊரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் மழை. வறண்ட ஓடை வழியே இறங்கிய சேறு கீழ்த்தெருவை மூடியது.

பாலத்துக் காவலர் கசிமிரோ ஆவி பறக்கும் தேநீரை நீட்டினார்.

"என்ன இன்ஜினியரம்மா, கடலுக்குக் காய்ச்சலா? ரெண்டு தடவ பாக்குற. ஊசி போடப் போறியா?"

"சும்மாதான் மாமா."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னிக்குக் கடல் சூடா இருந்திருந்தா நீ சொல்லியிருப்பல்ல? எம்மக மருக்காவ மேட்டுத்தெருவுக்கு அனுப்பியிருப்பேன். உன் நோட்ட நம்பித்தான் இருந்தோம்."

"சொல்லியிருப்பேன் மாமா."

சொன்னதும் கையில் வாங்கியிருந்த குவளை சுடாமல் போனது.

ஆவி வந்துகொண்டிருந்தது. சூடு இல்லை. ஏன் என்று யோசிக்காமல் வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்தாள். உப்பு. மூன்று நிமிடம்.

பதினேழு புள்ளி நான்கு.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" கசிமிரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உடனே விட்டார். ஓரடி பின்னால் போனார்.

"சேத்துலேருந்து தூக்கினப்போ..." தன் உள்ளங்கையைப் பார்த்தார். "மருக்கா கை இப்படித்தான் இருந்துச்சு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. குவளையை உதட்டருகே கொண்டுபோய் ஊதினாள். இன்னும் பலமாக.

ஆவி நேராக எழுந்தது. அசையவே இல்லை.