நீலம் ஏறிய மூளை

"ஐயோ!"

விரிவுரையாளர் ஏர்னெஸ்டின் அலறலில் விலங்கியல் ஆய்வுகூடமே திரும்பிப் பார்த்தது.

கண்ணாடித் தட்டில் ஒரு பிணம்... பயறளவுப் பிணம்!

கோழிக்குஞ்சாக வேண்டிய கரு. மூளை உருவாகும்போது ஒரு ஜீன் எங்கே வேலை செய்கிறதோ, அங்கே சாயம் நீலமாகத் தெரியும். பின்மூளையில் நிற்க வேண்டிய நீலம் முன்னே ஏறிக் கிடந்தது. தலை கோணல்.

அடுத்த முட்டையும் கோணல்... அதற்கடுத்ததும்!

வைட்டமின் ஏ மிஞ்சினால் இப்படி ஆகும். யாரோ கோழிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனதிலிருந்து குஞ்சு பொரிக்கும் இயந்திரம் சும்மா கிடந்தது. ஏர்னெஸ்ட் வீட்டு வளவில் கோழிகளே அடை கிடந்தன. தீனி போடுவது ஆய்வுகூட உதவியாளர் அருளம்பலம்.

ஆள் அகப்பட்டுவிட்டான்!

மாணவர்கள் முன்னிலையிலேயே கேட்டார்.

"ஆர் சொல்லி இதைச் செய்தனீர்?"

"தவிடும் குறுணலும்தான் போட்டனான், சேர்."

"பொய் கதையாதையும். நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

அருளம்பலம் கோழிக்கூட்டுப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார். யாரோ சிரித்தார்கள். நிமிர்ந்து பார்க்காமல் வெளியேறினார்.

ஏர்னெஸ்ட் வீட்டுக்கு ஓடினார். கூட்டைக் கிளறினார். தடயம் இல்லை!

கோழிகளோ படுக்கையறை யன்னலுக்குக் கீழே முண்டியடித்துக்கொண்டு நின்றன.

மனைவி வினிபிரட் குனிந்தாள். மஞ்சளாக, உடைந்த ஒன்றை எடுத்தாள்.

"இது நான் உங்களுக்குத் தாற மீனெண்ணெய்க் குளிசையல்லோ?"

குப்பி விளக்கில் படிக்கும் கணவரின் கண்ணுக்காக, அலைந்து வாங்கிய மாத்திரை. மணம் பிடிக்காமல் தினமும் காலையில் அவர் யன்னலால் துப்பியது... அத்தனையிலும் வைட்டமின் ஏ!

ஏர்னெஸ்டுக்கு உடம்பு கூசியது. ஒரு நல்ல மனுசனைக் கள்ளனாக்கிவிட்டேனே!

சைக்கிள் உரும்பிராய்க்குப் பறந்தது. அருளம்பலத்தின் வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டார்.

"அருளம்பலண்ணை... பிழை என்னிலைதான்."

முழுவதையும் சொன்னார். அருளம்பலம் உட்காரக் கதிரை தரவில்லை.

"இதைப் பெடியளுக்கு முன்னாலை சொல்லுவியளோ, சேர்?"

சிரிக்கப்போகும் முகங்கள் ஏர்னெஸ்டின் கண்முன் வந்தன. காது சுட்டது.

"ஓம்... சொல்லுறன்."

மறுநாள் சொன்னார். குளிசை துப்பியதையும் விடவில்லை. சிரிப்பில் கூரை அதிர்ந்தது. வெட்கத்தில் நிலத்தையே பார்த்துக்கொண்டு திறப்பை நீட்டினார்.

அருளம்பலம் நிதானமாக வாங்கிக்கொண்டார்.

"சேர், உங்கடை வீட்டிலை மிஸிஸின்ரை சொல்லைக் கேட்டு ஒழுங்கா மருந்து குடிச்சது கோழியள் மட்டும்தான்."