இரண்டாவது குடுவை

கிருமி வளர்த்த குடுவை நாற வேண்டும். அதுதான் அதற்கு அழகு. மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன பாலும் கழுவாத காலுறையும் கைகோத்து வந்து மூக்கில் குத்தாவிட்டால், எங்கோ கோளாறு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் தனியாக நின்று மூடியைத் திறந்த விஞ்ஞானிக்கு வந்ததோ, குளிப்பாட்டித் துடைத்த குழந்தையின் உச்சந்தலை வாசனை.

மூடினார். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி திறந்தார். அதே வாசனை. மூடி, குலுக்கும் இயந்திரத்தின் தட்டில் இன்னொரு குடுவைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்து ஓடவிட்டார்.

போன வருஷம் அவருடைய மகள் இறந்துபோனாள். உடம்புக்குள் ஒரு நொதி பழுது; அந்த நொதி தயாரிக்க வேண்டிய துணைப்பொருள் கடுகைவிடக் குறைவாக இருந்தாலே போதும், ஆனால் அது இல்லாமல் வலிப்பு வந்து வந்தே ஓய்ந்துபோனாள். இப்போது அவள் தம்பிக்கும் அதே வியாதி. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். துணைப்பொருளைச் செய்ய நொதி வேண்டும், நொதியைச் செய்ய பாக்டீரியா வேண்டும், பாக்டீரியாவுக்குச் செய்முறை சொல்ல ஒரு மரபணு வேண்டும். மற்றவர்கள் அதைக் கம்பெனியில் கேட்டுத் தபாலில் வாங்குவார்கள். இவர் வாங்கவில்லை. உறைபெட்டியில் இருந்த மகளின் ரத்தத்திலிருந்தே எடுத்து, பழுதை மட்டும் சரிசெய்து, பாக்டீரியாவுக்குள் ஏற்றினார். தம்பியைக் காப்பாற்றியது அக்கா என்று இருக்கட்டுமே.

கண்ணாடிச் சாமான்களை நீராவியில் வேகவைக்கும் ஊழியருக்கு அங்கே குக்கர் என்று பெயர். வாசலில் தலையை நீட்டினார்.

"என்ன சார், ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா?"

"உங்களை மட்டும் வீட்ல துரத்திட்டாங்களா?"

"எங்க வீட்டம்மாவைவிட இந்த பாய்லர் கம்மியாத்தான் சீறுது சார்."

சிரித்துக்கொண்டே போனார். இவர் குலுக்கும் இயந்திரத்தை அணைத்தார். மோட்டாரின் உறுமல் இறங்கி, தட்டு நின்று, சுவரில் ஆடிய நிழலும் நின்ற பிறகு, இரண்டு குடுவைகளிலும் மஞ்சள் திரவம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, காய்ச்சல் விட்ட குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல, அவசரமே இல்லாமல். தொட்டுப் பார்த்தார். குளிரில் வைத்த குடுவை. வெதுவெதுப்பாக இருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, மறுபடி விறைச்சுக்கிட்டான். நாளைக் காலையில ஊசி போட்டாகணுமாம். ஆகுமா?"

"ரெண்டு குடுவையையும் உடைச்சாத்தான் ஒரு ஊசிக்குக் காணும். இதோ ஆரம்பிக்கிறேன்."

"சரி. பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"புள்ளை மூச்சு விடுற மாதிரி கேக்குது."

இவர் போனை வைத்துவிட்டார்.

நொதி செல்லுக்குள் இருக்கிறது. செல்லை உடைத்தால்தான் வெளியே வரும். முதல் குடுவையைப் பனிக்கட்டியில் புதைத்தார். ஒலியால் உடைக்கும் கம்பியை உள்ளே இறக்கினார். காதடைப்பை மாட்டினார். பொத்தானை அழுத்தினார். கம்பி கிறீச்சிட்டது. நின்றது. கிறீச்சிட்டது. நின்றது. அது சூடாகாமலிருக்க விட்டுவிட்டுத்தான் ஓடும்.

கலங்கல் தெளிந்தது. உடைந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

குக்கர் ஓடிவந்தார். காதடைப்பைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார்.

"யாரு சார் சின்னப் புள்ளையைக் கூட்டிட்டு வந்தது? இந்தக் கத்து கத்துது!"

"மெஷின்ங்க."

"மெஷின் நிக்கிறப்பதானே சார் கத்துது."

இருவரும் குடுவையைப் பார்த்தார்கள். இப்போது சத்தமில்லை. தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை. குக்கர் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே போனார். பாய்லரைக்கூட அணைக்கவில்லை.

இன்னொன்று இருந்தது.

எடுத்து மேசையில் வைத்தார். ஊசியைக் கண்டால் மகள் கட்டிலை ஒட்டிய சுவரோடு போய் ஒண்டிக்கொள்வாள். மேசை சமம். குடுவை அசையவில்லை. உள்ளே திரவம் சாய்ந்து நின்றது. அவருக்கு எதிர்ப்பக்கம். கண்ணாடியோடு ஒட்டி.

சுற்றி வந்தார். அது மறுபக்கம் ஒண்டியது.

கம்பியை எடுத்தார்.

"தம்பிக்குத்தான்டா கண்ணு."

திரவம் நடுங்கியது. வெகுநேரம். பிறகு மெல்லக் கண்ணாடியை விட்டு இறங்கி, கம்பிக்கு நேர் கீழே வந்து, அசையாமல் நின்றது.