இரண்டு மணிக்கு அதிபர் பதில் சொல்வார்

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காலை, பஸ் என்னைச் சாலை முனையில் இறக்கிவிட்டுப் போனது. மேட்டின் மேல் அந்தச் செங்கல் வீடு தெரிந்தது. இருநூறு வருடங்களுக்கு முன்னால் இந்த நாட்டுக்கு அதிபராக இருந்த ஒருவர் கட்டிய வீடு, இப்போது காட்சியகம். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கூப்பிட்டது போல ஆகிவிடும்.

வேலை சுலபம் என்றார்கள். சாம்பல் நிறக் கவுன், வெள்ளைத் தொப்பி, ஏப்ரன். காலையில் தூசி தட்ட வேண்டும். மதியம் பார்வையாளர்கள் வரும்போது வரவேற்பறைக் கணப்பில் விறகு போட வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னாலே தொண்டை அடைத்துப்போகிறவள் நான். அதனாலேயே பதினாறு வயதில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். வாயைத் திறக்காமல் செய்யும் வேலை இதைவிட்டால் எனக்கு வேறு கிடைக்காது.

வீட்டை நிர்வகிப்பவர் திருமதி ஹாலட். முதல் நாளே வாசற்படியில் நிறுத்தி விதியைச் சொன்னார்.

“இந்தப் படியத் தாண்டிட்டா அவர் வெண்டெல் இல்ல. அதிபர். டோப்பாவக் கழட்டற வரைக்கும் அதிபர்தான். நீ ‘ஐயா’ன்னுதான் கூப்பிடணும். எதச் செய்யறதா இருந்தாலும் உத்தரவு கேட்டுட்டுத்தான் செய்யணும். சனங்களுக்கு அதான் புடிக்குது.”

எனக்கு ஒரே ஒரு வசனம்தான். “உத்தரவு குடுங்க ஐயா, விறகு போடறேன்.” அவர் தலையசைப்பார். நான் விறகு போடுவேன். அவ்வளவுதான்.

அதிபர் வேடம் போடும் வெண்டெல் ப்ரூயிட் நல்ல மனிதர். அறுபது தாண்டியவர், முன்பு காப்பீடு விற்றவர். எப்போதும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் கிடக்கும். தினமும் மதியம் இரண்டு மணிக்கு டோப்பாவும் நீலக் கோட்டும் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் உட்காருவார். பார்வையாளர்கள் கேள்வி கேட்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் அதே கேள்வியில் வந்து நிற்பார்: இன்றைக்கு நீங்கள் வந்து பார்த்தால் இந்த நாட்டைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

அவரும் அதே பதிலைச் சொல்வார். இருட்டை விரட்டும் விளக்குகளையும் வானத்தில் போகும் வண்டிகளையும் கண்டு வியப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவ்வளவு சண்டைக்கு நடுவுலயும் ஒண்ணா இருக்கீங்களே, அது போதும் எனக்கு” என்பார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

“என் சம்சாரம்கூட என் அபிப்பிராயத்த இத்தனை தரம் கேட்டதில்லம்மா” என்று என்னிடம் பிறகு சிரிப்பார். “நீயாவது ஒரு நாளைக்கி எதாச்சும் கேளேன்.”

நான் கேட்டதில்லை.

வீட்டின் அடியில் ஒரு நிலவறை இருந்தது. படிகள் செங்குத்தாக இருந்ததால் அங்கே அதிகம் பேர் இறங்க மாட்டார்கள். சுவரில் கண்ணாடிக்குள் ஒரு பெயர்ப் பட்டியல். அந்த வீட்டில் அடிமைகளாய் இருந்தவர்களின் பெயர்கள். அதில் ஒரு வரி: லெம், குதிரை லாயம். பக்கத்திலேயே ஒரு பழைய காகிதம், உள்ளங்கை அளவு. அதில் பழுப்பு மையில் எழுதியிருந்தது: *இதைக் கொண்டுவரும் லெம் என் ஆள். பார்ப்பவர்கள் போக விடவும். ஞாயிறு மாலைக்குள் திரும்ப வேண்டும்.* கீழே அதிபரின் கையெழுத்து. அந்தக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியே போக அப்படி ஒரு சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் முதுகுத் தோல் இருக்காது.

என் அண்ணன் பெயரும் லெம். எங்கள் குடும்பத்தில் மூத்த பையனுக்கு அந்தப் பெயர்தான் வைப்பார்கள். ஏன் என்று மிர்ட்டில் அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். “அதான் வழக்கம். எழுந்து போயி பாத்திரத்தக் கழுவு” என்றாள்.

அண்ணன் அப்போது மாவட்டச் சிறையில் இருந்தான். அவன் ஏறிப் போன காரின் இருக்கைக்கு அடியில் யாரோ வைத்திருந்த பொட்டலத்துக்காகப் பதினெட்டு மாதம். வண்டி ஓட்டியவனுக்கு நல்ல வக்கீல் கிடைத்தான். அண்ணனுக்கு வெளியே வரும் நாள் குறித்தாகிவிட்டது. பிப்ரவரி விடுமுறையான அதிபர்கள் தினம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை. அதற்குள் ஒரு புகார் வந்தால் போதும், எல்லாம் போய்விடும். அதனால் அவனைப் பற்றி அந்த வீட்டில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதிபர்கள் தினத்தன்று காலையில் ஒரு லாரி வந்து வேலியோரம் நின்றது. ஆரஞ்சு உடுப்பில் பத்துப் பேர் இறங்கினார்கள். விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் புதரை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டுமாம். மூன்றாவது ஆள் லெம். மெலிந்திருந்தான். அவனும் என்னைப் பார்த்தான். என் தொப்பியையும் ஏப்ரனையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நானும் அவன் உடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு வரவேற்பறை நிரம்பிவிட்டது. சுவரில் ஒட்டிய பழைய தாள் வெளுத்துவிடும் என்பதால் அங்கே ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. பகலிலும் அரை இருட்டு. கணப்பின் வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் தெரிந்தன. நான் என் வசனத்தைச் சொன்னேன். வெண்டெல் தலையசைத்தார். விறகைப் போட்டுவிட்டு மூலையில் நின்றேன்.

இளஞ்சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். “இப்ப எங்க நாட்டப் பாத்தா நீங்க என்ன நெனப்பீங்க, ஐயா?”



முதலில் பெப்பர்மின்ட் வாசனை போனது. அந்த இடத்தில் வேறொரு வாசனை ஏறியது. நனைந்த கம்பளி. குதிரை வியர்வை. வெகுநாள் மூடிக்கிடந்த புகையிலை.

அவர் எழுந்தார். வெண்டெலுக்கு முழங்கால் வலி, நாற்காலியைப் பிடித்துத்தான் எழுவார். இப்போது எதையும் பிடிக்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்க் கதவைத் தள்ளித் திறந்தார். குளிர் உள்ளே பாய்ந்தது. வாசலில் நின்ற திருமதி ஹாலட் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அவர் வெளியே வெகுநேரம் பார்த்தார்.

“அது யாரு ஆளுங்க?”

பல்வலிக்காரன் போல உதட்டைத் திறக்காமல் பேசினார். அந்தக் காலத்து அதிபருக்குத்தான் கட்டுப்பல்; வெண்டெலுக்கு எல்லாமே சொந்தப் பல்.

தொப்பி போட்ட ஒரு ஆள் முன்வரிசையிலிருந்து உற்சாகமாய்ச் சொன்னான். “ஜெயில் ஆளுங்க, அதிபர் ஐயா!”

“கூலி?”

“அவனுங்களுக்கு என்ன கூலி? மூணு வேளை சோறு போடறோம்ல.” சிலர் சிரித்தார்கள்.

“மேல பாத்துக்க ஆளு இல்லியா? குதிரயக் காணோமே.”

“இருக்கானே, லாரியில. துப்பாக்கியோட.”

அவர் மெல்லத் தலையாட்டினார். விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வானத்து வண்டியைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் முகத்தில் வந்தது வியப்பே இல்லை. நெடுந்தூரப் பயணம் போனவர் திரும்பிவந்து, பூட்டு பூட்டியபடியே இருப்பதைப் பார்த்தால் வரும் நிம்மதி.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “ரொம்ப மாத்திப்புட்டீங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். டோப்பா தலையில் இருக்கும்வரை அவர் பேசுவது எல்லாம் நடிப்பு அல்லவா? சிறுமி மட்டும் தட்டவில்லை. அவள் அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கைதட்டல் சத்தத்துக்கு நடுவே அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

“மூணாவது ஆளு லெம்தானே? வெள்ளிக்கிழமை அனுப்பறாங்களாமே.”

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“யாரக் கேட்டு?” என்றார்.

மாலையில் வெண்டெல் பின்கட்டில் டோப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நெட்டா, அந்தக் கொழந்தைக்கி நான் என்ன பதில் சொன்னேன்?”

நான் அவருடைய நீலக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

“ஈறெல்லாம் வலிக்குதும்மா” என்றார். விரல் நுனிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பழுப்பு மை. வரவேற்பறை மேசையில் இருக்கும் எங்கள் இறகுப் பேனாவுக்குள் இருப்பது கடையில் வாங்கிய கறுப்பு ரீஃபில்தான்.

செவ்வாயும் புதனும் ஒன்றும் நடக்கவில்லை. விளக்குகள், வானத்து வண்டிகள், அதே பதில். நான்தான் ஏதோ கற்பனை செய்துகொண்டேன் என்று நினைக்கத் தொடங்கினேன். புதன் இரவு வீட்டுக்குப் போனதும் மிர்ட்டில் அத்தை சமையலறையில் நின்றபடியே கத்தினாள்.

“உங்க அண்ணன் வரலயாம்டி வெள்ளிக்கெழம! ஏதோ ஒரு தாள்ல கையெழுத்து வரலயாம். யார் கையெழுத்துன்னா அதுவும் தெரியாதாம். போன்ல ஒருத்தி சொல்றா, ‘வந்தா வரும் மேடம்’ங்கறா. மழயா அது, வந்தா வரும்ங்கறதுக்கு?”

அவனுக்காக வாங்கிய பன்றித் தொடைக்கறி மேசைமேல் இருந்தது. அத்தை அதைத் துணியால் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

அன்றிரவு நான் தூங்கவில்லை. *யாரைக் கேட்டு?* காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்று என் மூளை அதைத் திருப்பிப் புரிந்துகொண்டது. ஏழு வாரமாய்த் தினமும் உத்தரவு கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு வேறு எப்படிப் புரியும்?

வியாழன் மதியம் மழை. பார்வையாளர்கள் இல்லை. திருமதி ஹாலட் வங்கிக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்கு நான் வரவேற்பறைக்குள் போனேன். வெண்டெல் டோப்பாவோடு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

பெப்பர்மின்ட் வாசனை இல்லை.

கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் என் மூச்சு வெள்ளையாக வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் எழுதித் தராத ஒரு வாக்கியத்தை உரக்கச் சொன்னேன்.

“உத்தரவு குடுங்க ஐயா. எங்க லெம்ம விட்டுடுங்க.”

அவர் கண்ணைத் திறந்தார்.

வெண்டெலின் கண்கள் நீலம்.

இவை நீலம் இல்லை.

“யாருகிட்டக் கேக்கற?”

“உங்ககிட்டதான் ஐயா.”

“நான் யாரு?”

வாசலில் நின்று திருமதி ஹாலட் சொல்லிக்கொடுத்தது மட்டும் நினைவில் இருந்தது. “நீங்கதான் ஐயா இந்த வீட்டுக்கு எஜமான்.”

“அவன்?”

வெளியே மழை பெய்தது. அத்தையின் தோள் குலுங்கியது கண்முன் வந்தது.

“உங்க ஆளு” என்றேன்.

அவர் மேசைப் பக்கம் குனிந்தார். இறகு காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. ரீஃபில் கீறாது. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கனிவுதான் இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை நடுங்க வைக்கிறது.

“நல்ல பொண்ணு. கேக்கணும்னு தோணிச்சு பாரு” என்றார். “நீ கேக்காம இருந்திருந்தா, என்னால என்ன செஞ்சிருக்க முடியும் சொல்லு? நான் செத்து எத்தனை காலமாச்சு.”

அவர் தலை தொங்கியது. டோப்பா நழுவித் தரையில் விழுந்தது. அதன் அடியில் வெண்டெல், வாய் திறந்து, குறட்டை விட்டபடி இருந்தார். மேசைமேல் காகிதம் எதுவும் இல்லை.

நான் தொப்பியையும் ஏப்ரனையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு மழையில் ஓடினேன். வீடு போய்ச் சேரும்போது அத்தை வாசலிலேயே நின்றாள். “வந்திருச்சுடி கையெழுத்து! ரெண்டேகாலுக்குப் போன் வந்துச்சு!”

வெள்ளிக்கிழமை காலையில் லெம் வெளியே வந்தான். பிடிபட்ட அன்று போட்டிருந்த சட்டையையே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அத்தை அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “எலும்பும் தோலுமா இருக்கியேடா, கோட்ஸ்டாண்டு மாதிரி” என்று திட்டினாள். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. காரில் வரும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினேன்.

“பள்ளிக்கூடத்துல இப்படிப் பேசியிருந்தா இந்நேரம் டீச்சராயிருப்ப” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்தான். “துவைச்சுடு நெட்டா. எங்கியோ குதிர நாத்தம் அடிக்குது.”

சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. உள்ளங்கை அளவுக் காகிதம். பழுப்பு மை. என் விரலில் ஒட்டியது, அவ்வளவு ஈரம்.

*இதைக் கொண்டுவரும் லெம் என் ஆள். அவன் தங்கை கேட்டுக்கொண்டதால் அனுப்புகிறேன். பார்ப்பவர்கள் போக விடவும். திரும்ப வேண்டிய நாள்*

அதற்குப் பிறகு வெற்றிடம். கீழே அந்தக் கையெழுத்து.

அடுப்பில் போட்டேன், எரியவில்லை. ஆற்றில் விட்டேன். மறுநாள் காலை என் தலையணைக்கு அடியில், அதே ஈரத்தோடு இருந்தது. லெம்மிடம் இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு மரக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பிடும்போது பாடுகிறான். வாரம் ஒருமுறை, விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் அதிகாரி வீட்டுக்கு வந்து, அவன் எங்கே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புகிறான் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்.

வெண்டெல் வேலையை விட்டுவிட்டாராம். நீலக் கோட்டுக்குப் புதிதாய் ஒருவர் வந்திருக்கிறார். இரண்டு மணிக்கு யாரோ அந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்டிருப்பார்கள்.

தினமும் காலையில் கண் விழித்ததும் நான் அந்தச் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். நாலு மாதமாய், திரும்ப வேண்டிய நாளுக்கான இடம் காலியாகவே இருந்தது.

இன்று காலை அதில் ஓர் எழுத்து விழுந்திருக்கிறது.