பின்சீட்டின் நடுவில்

காலியாகக் கிடந்த பின்சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி கார் சத்தம் போட்டது.

ஊருக்குக் கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. கணவனும் மகளும் மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்க, ஏசி ஒழுங்காகக் குளிர்கிறதா என்று பார்க்க அவள் மட்டும் வந்து இஞ்சினை ஓடவிட்டிருந்தாள். டிக், டிக், டிக் என்று விடாமல் ஒரு ஓசை. முகப்புப் பலகையில் பின்சீட்டின் நடு இடத்துக்கான சிவப்பு விளக்கு. திரும்பிப் பார்த்தாள். பை இல்லை, குடை இல்லை, ஒரு துண்டுகூட இல்லை. கையை நீட்டி மெத்தையைத் தொட்டாள். நாளெல்லாம் நிழலில் நின்ற கார். இரண்டு ஓரமும் சில்லென்று இருந்தன. நடு மட்டும் வெதுவெதுவென்று, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல இருந்தது.

அவள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் வேலை பார்ப்பவள். அப்பளமாய் நொறுங்கிய கார்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, சாலை என்றாலே அவளுக்குப் பயம். சில படங்களில் சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடக்கும்; அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் மகளுக்குக் கோடை விடுமுறை, பள்ளியில் பாட்டு வாத்தியாரான கணவனுக்கும் விடுமுறை, மலையடிவாரத்தில் அக்கா வீடு. விமானமும் ஓட்டலும் கட்டுப்படியாகாது. பழைய கார் ஒன்றை வாங்கி, விடியும்போது கிளம்பி இருட்டுவதற்குள் போய்ச் சேர்வது, சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது, தூக்கம் வருவதற்கு முன்பே வண்டியை ஓரங்கட்டுவது என்று எல்லாவற்றையும் அவள்தான் யோசித்து வைத்தாள். கணவன் அவளை 'இன்சூரன்ஸ்' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தான். காரையும் அவளே குனிந்து, தவழ்ந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினாள். ஓர் அடி இல்லை, ஒரு நசுங்கல் இல்லை.

கணவன் இறங்கி வந்து கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டான். "சுருதி சுத்தமாத்தான் இருக்கு, இன்சூரன்ஸ்," என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருமுனை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர் சீட்டைக் கழற்றி, வயரைத் தடவி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எடை இல்லாமல் இது கத்தாது என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் காலத்தில் இதெல்லாம் சகஜம், சும்மா பெல்ட்டை மாட்டிவிடுங்கள் என்று பேச்சை மாற்றினார். கணவன் பெல்ட்டை இழுத்துக் காலி இடத்தின் குறுக்கே மாட்டினான். ஓசை நின்றது. அவ்வளவுதானே என்றான்.

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டியதும் சாலை நீண்டு விரிந்தது. வயல்களும் செங்கல் சுவர்களும் பின்னால் ஓடின. வெயில் ஏற ஏறத் தார் மினுங்கி, தூரத்தில் தண்ணீர் தேங்கியதுபோல் நெளிந்தது. டயரின் ரீங்காரம், ஏசியின் முனகல், கணவனின் மெல்லிய முணுமுணுப்புப் பாட்டு, இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. மூக்கடைத்த குழந்தை தூங்கும்போது விடும் மூச்சு. மகள் தூங்குகிறாள் என்று நினைத்தாள். திரும்பினால் மகள் விழித்திருந்தாள். கதவோடு கதவாய் ஒட்டி, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி அப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க? தள்ளி உக்காரு."

"இடம் இல்லம்மா."

மகள் அதைக் கதையாகவும் சொல்லவில்லை, புகாராகவும் சொல்லவில்லை. கூட்டமான பஸ்ஸில் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் பெல்ட்டைப் பார்த்தாள். கணவன் மாட்டியபோது அது மெத்தையோடு படிந்து தட்டையாகக் கிடந்தது. இப்போது அப்படி இல்லை. மெத்தையை விட்டு எழும்பி, சின்ன நெஞ்சு ஒன்றைச் சுற்றிப் போனதுபோல் வளைந்து நின்றது. வளைவு மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஏன் என்று கணவன் கேட்டான். தலை சுற்றுகிறது என்றாள்.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். நல்ல உச்சி வெயில், சுற்றிலும் ஆட்கள், லாரிகள், யாரோ உரக்கச் சிரிக்கும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெம்பு கொடுத்தது. மகளை முன்சீட்டுக்கு மாற்றினாள். மகள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். கணவனிடம் வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றாள். பாதி வழி வந்தாயிற்றே என்று அவன் தயங்கினான். பிறகு அவள் பிடிவாதத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றான். மகளுக்குத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் போனான்.

அவள் பின்கதவைத் திறந்து, குனிந்து, நடு பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சட்டென்று சுருண்டு ஓட வேண்டிய பெல்ட் ஓடவில்லை. ஒரு பிடியிலிருந்து நழுவுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, தயங்கித் தயங்கி உள்ளே போனது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் ஒன்றும் இல்லை. நடுவில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. போய்விட்டது என்று தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது.

ஓரச் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கணவன் வந்து வண்டியைக் கிளப்பினான். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஓசை இல்லை. கார் சாலையில் ஏறித் திரும்பியது.

"பாத்தியா? கத்தவே இல்ல," என்றான் கணவன்.

மகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அது இப்ப சீட்ல இல்லப்பா."

கணவன் சிரித்தான்.

முதலில் அவள் முழங்கால்மேல் ஓர் அழுத்தம். பிறகு தொடைமேல். புடவை மடிப்புகள் தாமாக நசுங்கின. வெதுவெதுப்பு துணியைத் தாண்டித் தோலுக்கு வந்தது. நனைந்த முடியின் வாடை. மூச்சு, கழுத்துக்குக் கீழே. மூக்கடைத்த மூச்சு.

கண்ணாடியில் கணவனின் கண்கள் சாலையைப் பார்த்தன. பாட்டு மறுபடி தொடங்கியது. எதிரே வந்த லாரி ஒன்று ஒலியெழுப்பிக் கடந்தது.

அவள் கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மடியில் கனம் ஏறிக்கொண்டே இருந்தது. அசைந்து, இடம் பார்த்து, சாய்ந்தது. குளிர்ந்த இரண்டு சின்னக் கைகள் மேலே ஊர்ந்து வந்து, அம்மாவைப் பிடித்துக்கொள்வதுபோல், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.