பூஜை போட்ட பூட்டு

எலி அறை வாசலில் ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. ஆயுத பூஜையன்று கழற்றிப் போட்டதை மற்றவர்கள் அன்றைக்கே மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள் விடுமுறை கழிந்து, காலை எட்டு மணிக்கு வேணி ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, வாடிய செவ்வந்தியும் ஊசிப்போன சுண்டலும் நாறும் அந்த நடையில், குதிகால் தேய்ந்த அந்தத் தோல் செருப்பு மட்டும் பூட்டிய கதவைப் பார்த்தபடி கிடந்தது. எலிகளுக்குத் தீனி போடும் அப்பாத்துரையின் செருப்பு.

மறந்திருப்பார் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டால்தானே!

உள்ளே எண்பது கூண்டுகள், இருநூறு சுண்டெலிகள், அவளுடைய நாலு வருஷ உழைப்பு. சுண்டெலியின் உடம்பில் பசியைக் கிளப்புகிற புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் விளைய வைத்து, சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக விற்கிறார்கள். கரைத்து ஊசி போட்டால் எலி தின்றுகொண்டே இருக்கும். வயிறு வெடித்தாலும் நிறுத்தாது. தினமும் ஒரு ஊசி. ஆனால் பூஜையில் வைத்த ஊசியையும் தராசையும் விடுமுறை முடிந்து போடும் மறு பூஜை வரைக்கும் தொடக்கூடாதே! அதனால் மூன்று நாள் மருந்தையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டாள். கூண்டு நிறையத் தீனி கொட்டச் சொல்லி அப்பாத்துரையை உள்ளே அனுப்பினாள்.

அவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துத்தான் பூட்டினாள். வாசலில் இருபது சோடிச் செருப்பு குவிந்து கிடக்கும்போது எதையென்று பார்ப்பது? பூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டியாயிற்று. அப்போதுதான் உள்ளேயிருந்து டொக், டொக் என்று கேட்டது.

"எலி கூண்ட உருட்டுது, விடும்மா," என்றார் பேராசிரியர் பாலசுப்பிரமணியன். "பூஜை போட்ட பூட்ட உடனே திறக்கப்பிடாது."

எலி அப்படித் தட்டாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆழ்வார்குறிச்சி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பாவி, விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது பூஜை மேசையைத் திரும்பிப் பார்த்தாள். தராசுக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு, சார்ஜ் இறங்கி அணைந்துபோன அப்பாத்துரையின் போன்.

அவளுடைய போன் அடித்தது. அவர் மனைவி அன்னத்தாய்.

"வேணியம்மா, அவிய அங்கன இருக்காவளா? வி.கே.புரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாவன்னு நெனச்சேன். அங்கயும் வரலையாம். சுகர் மாத்திரகூட வீட்லதான் கெடக்கு."

வேணி சாவியை எடுத்தாள். "பாக்கேங்கா. லைன்லயே இருங்க."

சாவி வழுக்கியது. வேர்த்த விரலெல்லாம் பூட்டின் குங்குமம் அப்பியது. முருகா, உயிரோடு இருக்கட்டும். உயிரை மட்டும் விட்டு வை. பூட்டு திறந்தது.

குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எலி மூத்திர நாற்றம். அதற்கடியில் வேறொன்று. கறிக்கடை வாடை.

சத்தமே இல்லை. இருநூறு எலி இருக்கிற அறையில் ஒரு கீச்சுக்கூட இல்லை.

விளக்கைப் போட்டாள். கதவின் உள்பக்கம் நெடுக நகக்கீறல். தீனி கொட்டத் திறந்த கூண்டுகள் எல்லாம் அப்படியே திறந்து கிடந்தன. எல்லாம் காலி. தீனி மூட்டையும் காலி.

கடைசி அலமாரிக்கு அடியில் வெள்ளைக் கோட்டு. கழுத்துவரை பொத்தான் போட்டபடி. முகம் சுவர்ப் பக்கம் இருட்டில்.

கோட்டின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது.

"இருக்காரு!" அழுகையும் சிரிப்புமாகப் போனில் கத்தினாள். "அக்கா, இருக்காரு! மூச்சு விடுதாரு!"

"எங்கப்பனே முருகா!" அந்தப் பக்கம் அன்னத்தாய் ஓவென்று அழுதாள். "மூணு நாளும் பட்டினியால்லா கெடந்திருப்பாவ! பைய கூட்டிட்டு வாங்கம்மா. சுடச்சுடச் சோறு வடிச்சு வைக்கேன்."

வேணி முட்டிபோட்டு, "அண்ணாச்சி," என்று அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

கையில் துணி மட்டும் வந்தது.

கோட்டுக் கைக்குள்ளிருந்து ஒரு சுண்டெலி தலையை நீட்டியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு நாலு. கழுத்துப் பட்டியில் ஒன்று ஏறி உட்கார்ந்து, சிவந்த மீசையை நிதானமாக நக்கிச் சுத்தம் செய்தது.

"கொழம்பு என்ன வைக்கட்டும்னு கேட்டுச் சொல்லுங்கம்மா," என்றாள் அன்னத்தாய்.

கோட்டின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.