உப்பறைச் சாட்சி

மூலவாய் பேசப்போகிறது என்றால் நெய்தல்மேடையில் நீதிபதிகூட எழுந்து நிற்க வேண்டும். சாசனம் எழுதிய பெரியவர்கள் பேசும்போது உட்கார்ந்து கேட்பதாவது என்று யாரோ ஆரம்பித்துவைத்தார்கள்; அதுவே வழக்கமாகிவிட்டது. டாக்டர் சைனம்புவும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு.

மூலவாய் ஓர் எந்திரம். நெய்தல்மேடை என்ற அந்தக் கடல்மேல் மிதக்கும் நகரத்துக்கு அரசியல் சாசனம் எழுதியவர்கள் எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் பேசியது, எழுதியது, சண்டை போட்டது எல்லாம் பதிவில் இருந்தது. அதையெல்லாம் எந்திரத்துக்குள் அள்ளிப்போட்டு, ஒவ்வொருவரின் மனத்தையும் திரும்பக் கட்டினார்கள். "இந்தப் பிரிவை எழுதும்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டால் அவர்கள் குரலிலேயே பதில் வரும். அப்புறம் எந்த நீதிபதி மண்டையை உடைத்துக்கொள்வார்? சட்டத்துக்குப் பொருள் சொல்லும் தலைவலியை அதன் தலையில் கட்டிவிட்டு நீதிமன்றம் நிம்மதியாக இருந்தது.

சைனம்பு மாட்டிக்கொண்ட கதை இதுதான். கீழ்த்தட்டு வீடுகளுக்குப் போகும் நன்னீரை நகர நிர்வாகம் அடைத்துவைத்தபோது, ஒருவன் இரவோடிரவாகப் பூட்டை உடைத்துத் திறந்துவிட்டான். உடைத்ததில் கை கிழிந்தது. சைனம்பு தையல் போட்டு அனுப்பினாள். அவன் யார் என்று நிர்வாகம் கேட்டது. சொல்ல மாட்டேன் என்றாள். சொன்னால் அவனைப் பெண்டாட்டி பிள்ளையோடு மேடையை விட்டே துரத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

'சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது' என்ற சாசனப் பிரிவு அவள் பக்கம் இருந்தது. நிர்வாகம் சளைக்கவில்லை. நினைவாடி என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. தலையில் மாட்டினால் போதும், நினைவில் உள்ள முகங்கள் திரையில் வந்து நிற்கும்.

"டாக்டரம்மா வாயே திறக்க வேண்டாம், ஐயா" என்று நிர்வாகத்தின் வக்கீல் வரதராசு குழைவாகச் சொன்னார். "யாரும் அவங்களை அடிக்கப் போறதில்ல. ஒரு ஊசிகூட கிடையாது. வற்புறுத்தல் எங்க இருக்கு இதுல?"

சைனம்பு நினைத்துப் பார்த்தாள். ஒரு முகத்தோடு அந்த நினைவாடி நிற்குமா? அவளை நம்பிச் சட்டையைக் கழற்றியவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்கள், வீட்டில் சொல்ல முடியாததைச் சொன்னவர்கள் எல்லாரும் அந்தத் தலைக்குள்தான் இருந்தார்கள்.

"வரதராசு மூலவாயில தெரசம்மாவைக் கூப்பிடப் போறாராம்" என்று அவளுடைய வக்கீல் ஞானசெல்வி காதோடு சொன்னாள். "இதுவரைக்கும் யாரும் அவங்களைக் கூப்பிட்டதே இல்ல டாக்டர். எல்லாரும் சாசன சபையில இருந்த புரொபசரைத்தான் கூப்பிடுவாங்க. அவர்தான் நல்லா விளக்கமா பேசுவாரு."

தெரசம்மாவை நெய்தல்மேடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேடையைக் கட்டிய கம்பெனியே நகரத்தை ஆண்ட காலத்தில், வேலைநிறுத்தம் செய்தவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி அவளை உப்புக் கிடங்கில் நிற்கவைத்தார்கள். கால் வீங்கி, உப்பில் வெடித்து, அப்போதும் உட்கார விடவில்லை. அவள் ஒரு பெயரும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருந்த கொழுந்தன் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டான். பின்னாளில் சாசன சபையில் சிலர் அவனைத் துரோகி என்று எழுதச் சொன்னபோது தெரசம்மா எழுந்தாள்.

"தாங்குனவளுக்குச் சட்டம் எதுக்கு? தாங்க முடியாம சொன்னான் பாருங்க, அவனுக்காக எழுதுங்க. வாயைத் திறன்னு எவனும் எவரையும் அடிக்கக் கூடாது."

அந்தப் பேச்சிலிருந்துதான் அந்தப் பிரிவு பிறந்தது. வரதராசு அந்தக் கடைசி வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாய், அடி. நினைவாடியில் இரண்டும் இல்லை. எழுதியவள் வாயாலேயே அதைச் சொல்லவைத்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று கணக்குப் போட்டார். மனுஷன் கெட்டிக்காரர்தான்.

மூலவாயிலிருந்து முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு, கொஞ்சம் கரகரத்த குரல்.

"ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?"

நீதியரசர் தணிகைவேந்தன் திகைத்தார். "உங்களுக்கு மரியாதைம்மா."

"உக்காருங்கய்யா. நிக்க வெச்சதெல்லாம் போதும்."

மன்றமே உட்கார்ந்தது. இத்தனை காலத்தில் எந்தப் பெரியவரும் அப்படிச் சொன்னதில்லை. சைனம்புவின் முழங்கால் அந்தக் குரலுக்கு அப்போதே கடன்பட்டுவிட்டது.

வரதராசு கேள்வியைக் கேட்டார். நினைவாடி என்றால் என்ன, எப்படி வலிக்காது, எப்படி வாயே அசையாது என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு, "இதைத் தடுக்கணும்னா நீங்க அந்தப் பிரிவை எழுதுனீங்க?" என்றார்.

குரல் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டது.

"நான் உசுரோட இருக்கேனா?"

 நீதியரசர்தான் பதில் சொன்னார். "இல்லம்மா. நீங்க தவறி ரொம்ப வருஷம் ஆச்சு."

"இங்க வந்து பேசறேன்னு நான் யார்கிட்டயாவது ஒத்துக்கிட்டேனா?"

"இல்லம்மா."

"அப்ப என் வாயைத் திறக்காமலே என்னைப் பேச வெச்சிருக்கீங்க. வலிக்கல, நெசந்தான். அந்த டாக்டருக்கும் இதைத்தான செய்யப் போறீங்க?"

வரதராசு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அம்மா, கேள்விக்கு நேரடியா பதில்..."

"சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் எனக்கும் உண்டுதான?"

அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. வரதராசு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். எந்திரம் சும்மா இருந்தது. சைனம்புவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பார்த்தே இராத ஒருத்தி, தனக்கு முன்னால் கதவுக்குக் குறுக்கே கை நீட்டி நிற்பதுபோல் இருந்தது.

நீதியரசர் தணிகைவேந்தன் மூலவாயை அணைக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் சாசனத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தானே படித்துத் தானே பொருள் சொல்வது அவருக்கு மறந்துபோயிருந்தது. பாவம், பரீட்சை எழுத வந்தவர்போல வியர்த்து வழிந்தார்.

"வாயை மட்டும் காப்பாத்தறதுக்காக இதை எழுதல" என்று மெதுவாக ஆரம்பித்தார். "ஒருத்தர் தனக்குள்ள வெச்சிருக்கறதை அவர் சம்மதமில்லாம எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. இது தெரசம்மா சொன்னது இல்ல. நான் படிச்சுச் சொல்றேன். தப்பா இருந்தா அந்தத் தப்பு என்னுது. டாக்டருக்கு நினைவாடி கிடையாது. இனி இந்த மன்றத்துல மூலவாயும் கிடையாது."

"ஐயா, அப்ப இத்தனை வருஷமா மூலவாயைக் கேட்டுக் கொடுத்த தீர்ப்பெல்லாம்?" என்றார் வரதராசு.

"அதெல்லாம் வற்புறுத்தி வாங்குன சாட்சி. ஒண்ணொண்ணா நாமதான் உக்காந்து மறுபடி யோசிக்கணும்."

வக்கீல்கள் பகுதியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. நகரத்தின் சட்டம் முழுவதையும் இனி உயிரோடு இருப்பவர்களே யோசித்தாக வேண்டும்.

சைனம்பு எழுந்தாள். "அவங்களுக்கு நன்றி சொல்லணும்ங்கய்யா."

"எழுப்ப முடியாதும்மா. இப்பத்தான தீர்ப்புச் சொன்னேன்" என்று அவர் சங்கடமாகச் சிரித்தார். "இங்கயே சொல்லுங்க. பதிவுல இருக்கட்டும்."

எழுத்தர் பதிவுக்கருவியை அவள் பக்கம் திருப்பினார். சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. அந்தத் தைத்த கையைப் பற்றி, அந்த வீட்டுக் குழந்தைகளைப் பற்றி, உப்பில் வெடித்த இரண்டு கால்களைப் பற்றி. வாயெடுத்தவள், கருவியில் சிவப்பாக மினுங்கிய விளக்கைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நன்றின்னு மட்டும் பதிஞ்சுக்குங்க" என்றாள். "அதுக்கு மேல பேசுனா, பின்னாடி யாராவது என்னையும் எழுப்பிடுவாங்க."